கபோர்ட் அடிக்கும் முன் பிரிட்ஜை அளந்துவிடுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் புதிதாக வீடு கட்டிப் பால்காய்ச்சு முடித்தவர்களும், பழைய வீட்டின் அடுக்களையை மாற்றப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் கபோர்ட் வேலையை ஒப்பந்தம் எடுத்தவர் விட்ட இடத்தில் பிரிட்ஜ் என்னவோ நின்றது. ஆனால் கதவு பாதிதான் திறந்தது, காய்கறித் தட்டு வெளியே வரவே இல்லை. பக்கப் பலகையைக் கழற்றி, குறுக்கி, மறுபடி மைக்கா (பலகை மேல் ஒட்டும் மெல்லிய தகடு) ஒட்டியதில் ஒரே வேலைக்கு இரண்டு கூலி போனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பெரிய பொருள்களுக்கு நிற்கிற அளவு வேறு, வேலை செய்கிற அளவு வேறு. கதவு திறக்க, சூடு வெளியேற, குழாய் வளைய, ரிப்பேர்காரர் கைவிட என்று எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். அந்த இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் அலமாரி.

1. மாடலை முடிவு செய்யுங்கள், பணம் பிறகு கட்டலாம்

கபோர்ட் வேலையை முடித்துவிட்டு, கையில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து பிரிட்ஜ் வாங்கப் போவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. இந்த வரிசையை மாற்றுங்கள். உடனே வாங்க வேண்டியதில்லை. கடையில் விலை விசாரிக்கும்போதே மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் பயனர் கையேட்டை இறக்குங்கள். பொருளைப் பொருத்துவது பற்றி அதில் ஒரு பக்கம் இருக்கும். அந்த ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். அகலம், உயரம், கைப்பிடியோடு சேர்த்த ஆழம், கதவை 90 டிகிரி திறந்தால் எவ்வளவு தூரம் முன்னே வரும், சுற்றிலும் எவ்வளவு காற்றிடம் விட வேண்டும், பிளக் வயரும் குழாயும் எந்தப் பக்கம் வருகின்றன என்பதெல்லாம் அதில் கிடைக்கும். கடைக்காரர் வாயால் சொல்லும் அளவை நம்பி பலகை அறுக்க விடாதீர்கள்.

கையேடு மில்லிமீட்டரில் இருக்கும், ஆசாரி அடி இஞ்சில் பேசுவார். பெரும்பாலான சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின்கள் பலவற்றின் அகலம் 600 மி.மீ. "ரெண்டடி விட்டாப் போதும் அக்கா, தாராளமா நிக்கும்" என்பார் ஆசாரி. இரண்டடி என்பது 610 மி.மீ. இருபக்கமும் மைக்கா ஒரு மி.மீ. வீதம் போனால் 608. ஆக, பக்கத்துக்கு 4 மி.மீ. மட்டும் மிஞ்சும். சுற்றும்போது அதிரும் பொருளுக்கு இது போதவே போதாது.

அடுத்தது உள்ளளவு, வெளியளவு. இரண்டரை அடி வெளியளவு என்றால் 762 மி.மீ. அதில் இருபக்கமும் 18 மி.மீ. பலகை போனால் 726, மைக்காவும் போனால் 724. பிரிட்ஜின் அகலம் 700 என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 12 மி.மீ.தான். அதனால் வரைபடத்தில் ஒவ்வொரு பொருளின் இடத்துக்கும் 'உள்ளளவு இவ்வளவு மி.மீ.' என்று எழுத வைத்து, ஒரு பிரதியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அடி இஞ்சில் வேண்டுமானால் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

2. பொருள் வரும் வழியை அளங்கள்

இரண்டு கதவு பக்கம் பக்கமாக இருக்கும் பெரிய பிரிட்ஜ் 90 செ.மீ. அகலத்தைத் தொட்டுவிடும். பழைய வீடுகளில் நிலையின் உள்பக்கம் அதைவிடக் குறைவாக இருப்பது உண்டு. கேட், முன்வாசல், நடுவில் வரும் திருப்பம், அடுக்களை வாசல், மாடியென்றால் படிக்கட்டுத் திருப்பம் எல்லாவற்றையும் டேப் வைத்துப் பாருங்கள். கதவுப் பலகையே ஓர் இஞ்ச் தின்றுவிடும். சில மாடல்களில் பிரிட்ஜ் கதவைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் மாட்டித் தருவார்கள். அது முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை வாங்குமுன் கேளுங்கள்.

3. பிரிட்ஜுக்கான இடம்

இதில்தான் அதிகம் கவனம் வேண்டும். இப்போது வரும் பிரிட்ஜ்கள் பலவற்றில் சூட்டை வெளியே விடும் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. கை வைத்துப் பார்த்தால் பக்கம் சுடும். அதைப் பலகைக்கு நடுவில் இறுக்கிச் செருகினால் கம்பிரஸர் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். எவ்வளவு இடைவெளி என்பதை உங்கள் மாடலின் கையேடு சொல்லும். பக்கத்திலும் பின்னாலும் 5 செ.மீ. அளவு, மேலே அதைவிடக் கூடுதல் என்று கேட்பவை நிறைய.

பிரிட்ஜ் நிற்கும் இடத்துக்குப் பின்பலகை வேண்டாம். சுவர் அப்படியே இருக்கட்டும். மேலே கபோர்ட் வைத்தால், அதன் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு இஞ்ச் விடச் சொல்லுங்கள். பின்னால் எழும் சூடு அந்த வழியாக மேலே போய்விடும். ஆசாரிகள் இதை இடம் வீணாவதாக நினைத்து அடைத்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று சொல்லி வாங்க வேண்டும்.

கபோர்ட்டின் ஆழம் வழக்கமாக இரண்டடி. பெரிய பிரிட்ஜ்களின் ஆழம் அதைவிட அதிகம். பார்க்க ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று கதவோடு சேர்த்து உள்ளே தள்ளினால், கதவு திறக்கும்போது அதன் ஓரம் பக்கப் பலகையில் இடிக்கும். பிரிட்ஜின் உடம்பு மட்டும் உள்ளே இருக்கட்டும், கதவு முழுவதும் பலகைக்கு வெளியே நிற்கட்டும்.

கீல் இருக்கும் பக்கம் சுவர் வந்தால் இன்னும் கவனம். உள்ளே இருக்கும் தட்டுகளை வெளியே இழுக்க 90 டிகிரி போதாத மாடல்கள் உண்டு. சுவரை ஒட்டி நான்கு முதல் ஆறு இஞ்ச் விட்டு, முன்னால் மட்டும் ஒரு துண்டுப் பலகை கொடுத்து மூடலாம். முடிந்தால் பிரிட்ஜை அந்த மூலையிலிருந்து நகர்த்தி, அங்கே உயரமான அலமாரி வைப்பது மேல். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. கீழ்த்தட்டில் 25 கிலோ சம்பா அரிசி மூட்டை நிற்கும் உயரம், அதற்கு மேல் தேங்காய் எண்ணெய் கேன், அதற்கும் மேல் பாட்டில்கள்.

பிரிட்ஜுக்கு மேலே வரும் கபோர்ட் ஓர் அடி ஆழத்தில் சுவரோடு ஒட்டி இருந்தால் கை எட்டாது. இரண்டடி ஆழத்தில் முன்னுக்கு இழுத்து வையுங்கள். விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் உருளி, பெரிய இட்லிக் கொப்பரை, விருந்தாளிக்கான பாய், கிறிஸ்மஸ் நட்சத்திரம் எல்லாம் அங்கே போகலாம். எண்ணெய், மசாலாப் பொடி, மருந்து வேண்டாம், அந்த இடம் எப்போதும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்.

பிளக் பாயின்ட் பிரிட்ஜுக்கு நேர் பின்னால் வரக்கூடாது. பிளக்கின் தடிமன் ஒன்றரை இஞ்ச் பிடிக்கும், அவசரத்துக்கு அணைக்கவும் முடியாது. பக்கத்து அலமாரிக்குள், கை போகும் உயரத்தில் பாயின்ட் வைத்து, வயர் வர ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள்.

4. வாஷிங் மெஷின்

நம் பக்கத்து வீடுகளில் மெஷின் பெரும்பாலும் அடுக்களையை ஒட்டிய ஒர்க் ஏரியாவில்தான் நிற்கும். கிரில் போட்ட அந்த இடம் மேற்கே பார்த்தபடி இருந்தால், ஜூன் ஜூலையில் சாரல் நேராக உள்ளே அடிக்கும். அங்கே பிளைவுட் கபோர்ட் அடிப்பது பணத்துக்குக் கேடு. அலுமினியமோ பெரோ சிமென்ட் (கம்பி வலை வைத்து வார்த்த மெல்லிய சிமென்ட்) சிலாப்போ போதும். சாரல் வரும் பக்கத்துக்கு முதலில் ஒரு மறைப்பு போட்டுவிடுங்கள்.

முன்கதவு மெஷினைக் கிரானைட் மேடைக்குக் கீழே வைக்க ஆசைப்படுகிறவர்கள் மேடை வார்க்கும் முன்பே கொத்தனாரிடம் சொல்லுங்கள். இந்த மெஷின்களின் உயரம் பெரும்பாலும் 850 மி.மீ. வழக்கமான அடுக்களை மேடை 34 இஞ்ச், அதாவது 864 மி.மீ. பார்த்தால் நுழையும்போல் இருக்கும். ஆனால் கிரானைட் மட்டுமே 18 மி.மீ. பிடித்துக்கொள்ளும், 846 ஆகிவிடும். கீழே கான்கிரீட் சிலாப்பும் இருந்தால் இன்னும் இரண்டு இஞ்ச் போச்சு. தரை டைல் முதல் மேடையின் அடிப்பக்கம் வரை 35 இஞ்ச் வெற்றிடம் இருக்க வேண்டும். அந்தத் துண்டு மேடை மட்டும் உயரமாக வந்தாலும் பரவாயில்லை, மடித்து வைக்கும் துணிக்கு வசதியாக இருக்கும்.

மேல்மூடி மெஷின் என்றால் மூடி திறந்த உயரத்தை அளங்கள். நாலரை அடி வரை போகும் மாடல்கள் உண்டு. அதற்கு மேலேதான் கபோர்ட் தொடங்க வேண்டும், தண்ணீர்க் குழாயும் மூடியில் இடிக்காமல் பக்கவாட்டில் வர வேண்டும்.

எந்த மெஷினானாலும் பலகை மேல் நிறுத்தாதீர்கள். தரையில், மட்டமாக நிற்கட்டும். முன்கதவு மெஷின் 60 கிலோவுக்கு மேல் எடை, சுற்றும்போது பலகை தளர்ந்துவிடும். கீழே முன்பக்கம் பில்டர் மூடி இருக்கும், கபோர்ட்டின் அடியை மூடும் ஸ்கர்ட்டிங் பலகை அதை மறைக்கக் கூடாது. கழிவுக் குழாயைத் தரையில் அப்படியே விட்டால் சில மெஷின்களில் தண்ணீர் நிரம்ப நிரம்ப வெளியே போய்க்கொண்டே இருக்கும். கையேடு சொல்லும் உயரத்தில், பெரும்பாலும் 60 முதல் 100 செ.மீ. வரை, சுவரில் கழிவுக்கு ஒரு வாய் வைக்கச் சொல்லுங்கள். டைல் ஒட்டிய பிறகு இதைச் செய்தால் டைல் உடையும்.

5. அடுக்களையின் மற்ற பொருள்கள்

கிரைண்டர்: மாவு வழிக்கச் சாய்க்கும் மாடல் என்றால் சாய்த்த நிலையிலும், கல்லைத் தூக்கும் நிலையிலும் அளங்கள். மேல் கபோர்ட்டில் கை இடிக்கக் கூடாது. தினமும் இடம் மாற்றும் எடை அல்ல அது. மேடையிலேயே ஒரு மூலை ஒதுக்குங்கள். இழுக்கும் தட்டில்தான் வைப்பேன் என்றால், தட்டு ஓடும் சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மைக்ரோவேவ்: மேல் கபோர்ட்டின் ஓர் அடி ஆழத்துக்குள் நிற்காது. தனித் தட்டு வேண்டும். உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு எட்டாத, உங்கள் தோளுக்குக் கீழான உயரம் நல்லது. மேலே காற்றிடம் கேட்கும்.

சிம்னி: அடுப்புக்கு மேல் 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் வருவது வழக்கம். குழாய் போகும் பாதையில் கபோர்ட் வருமா என்று முதலிலேயே பாருங்கள், இல்லையென்றால் புதுக் கபோர்ட்டை ஓட்டை போட வேண்டிவரும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்து வீடுகளில் கணவாய்க் காற்று புகையை உள்ளேயே தள்ளும். காற்று வரும் திசைக்கு எதிர்ச் சுவரில் வாய் வையுங்கள், தானாக மூடும் தகட்டு மூடியும் போடுங்கள்.

சிலிண்டர்: மேடைக்குக் கீழே வைத்தால் நிமிர்ந்து நிற்க வேண்டும். காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் அந்தக் கபோர்ட்டின் கதவில் கீழ்ப்பகுதியில் கட்டாயம் காற்றுத் துளை வேண்டும். உள்ளே பிளக் பாயின்ட் எதுவும் கூடாது. இதில் அழகு பார்க்காதீர்கள்.

6. எந்தப் பலகை

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையில் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு வகை வரும். எம்.ஆர். ஈரப்பதத்தைக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். படுக்கையறைக்கு விடலாம். அடுக்களைக்கு, கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். வேண்டும். தொட்டிக்குக் கீழும் மெஷினுக்குப் பக்கத்திலும் ஐ.எஸ். 710, அதாவது மரைன் பலகை போடுங்கள். முழு அடுக்களைக்கும் மரைன் தேவையில்லை என்பது என் எண்ணம். அந்தப் பணத்தை நல்ல கீலுக்கும் சேனலுக்கும் போடலாம்.

குளச்சல், முட்டம், மணக்குடி போலக் கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பலகையைவிடக் கீல்தான் முதலில் போகும். உப்புக் காற்றில் முலாம் பூசிய இரும்பு துரு ஏறிவிடும். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் கீல் கேட்டு வாங்குங்கள், திருகாணியும் அதே ரகமாக இருக்கட்டும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ஈரம் அதிகம். சுவரை ஒட்டிய பலகையின் முதுகில் பூசணம் பிடிக்கும், பின்பக்கத்துக்கும் மைக்கா கட்டாயம். எல்லா இடத்திலும் கரையான் உண்டு. பலகை தரையைத் தொடாமல் நான்கு இஞ்ச் பி.வி.சி. கால் மேல் நிற்கட்டும்.

வீட்டில் அறுத்து வைத்த பலா, அயனி மரம் இருந்தால் கதவுச் சட்டத்துக்குப் பயன்படுத்தலாம். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் கதவு பிடித்துக்கொள்ளும்.

7. விலைப்புள்ளியும் காகிதமும்

எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகள் சதுர அடிக்கு 1,250 ரூபாயிலிருந்து 1,700 வரை இருந்தன. தொகையைவிட, எதை அளக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். முன்பக்க அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிச் சதுர அடி போடுவார்கள். பிரிட்ஜ் நிற்கும் வெற்றிடத்தையும் அதில் சேர்த்துவிடுவது வழக்கம். மூன்றடி அகலம், ஏழடி உயரம் என்றால் 21 சதுர அடி. 1,400 ரூபாய் வீதம் 29,400 ரூபாய். அங்கே தட்டு இல்லை, கதவு இல்லை, பின்பலகை இல்லை. இரண்டு பக்கப் பலகைக்கும் சேர்த்து 28 சதுர அடி மரம், எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் 32 சதுர அடி இருக்கிறது. ஒரு ஷீட்டும் மைக்காவும் கூலியும் என்று தனியாகக் கணக்குப் போடச் சொல்லிப் பேசுங்கள். நியாயமாகக் கேட்டால் இறங்கி வருவார்கள்.

விலைப்புள்ளியில் எழுத்தில் இருக்க வேண்டியவை: பலகையின் முத்திரை எண், தடிமன், மைக்காவின் தடிமன், கீல் சேனல் ரகம், உள்பக்கத்துக்கும் மைக்கா உண்டா, பிளக் துளைகள் போடுவது யார், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்த தொகையா சேர்க்காததா. பலகை நீங்களே வாங்கித் தருவதானால் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், பில் இல்லாமல் வாரன்டி கேட்க முடியாது. ஷீட் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றின் முத்திரையையும் போட்டோ எடுங்கள். அறுத்த பிறகு எந்தப் பலகை எது என்று தெரியாது.

வாடகை வீடு என்றால், சுவரில் துளை போடவும் போகும்போது கழற்றிக்கொண்டு போகவும் உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். முன்பணம், பெட்டிகள் நின்றதும் ஒரு பகுதி, கதவு மாட்டியதும் ஒரு பகுதி, கடைசிப் பத்து சதவீதம் பொருள்கள் உள்ளே போன பிறகு. இதைத் தொடக்கத்திலேயே பேசிவிட்டால் மனக்கசப்பு வராது.

8. எந்த மாதம், எந்த வரிசை

ஜனவரிக் கடைசியிலிருந்து மே நடு வரை மர வேலைக்கு நல்ல காலம். ஜூனில் தென்மேற்கு மழை பிடித்துவிடும், அக்டோபரிலிருந்து வடகிழக்கு மழை. மழையில் பசை காயாது, மைக்கா பிறகு எழும்பும். டிசம்பரில் வேறு சிக்கல்: கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்ததும் கிறிஸ்மஸ் வேலைகள் வந்து, ஆசாரிகளும் பெயின்டர்களும் கிடைப்பதே அரிது. அந்தச் சமயத்தில் 'பண்டிகைக்கு முன் முடித்துத் தருகிறேன்' என்று யார் சொன்னாலும் கொஞ்சம் யோசியுங்கள்.

வரிசை இப்படி: மாடல் முடிவு, பிறகு வயரிங்கும் குழாயும், பிறகு டைல், அதன் பிறகே ஆசாரியின் அளவு. டைலும் கலவையும் சேர்ந்து சுவரை ஓர் இஞ்ச் வரை உள்ளே கொண்டுவந்துவிடும், பூச்சுச் சுவரில் எடுத்த அளவு பிறகு உதவாது. மெஷின், மைக்ரோவேவ் இரண்டுக்கும் 16 ஆம்பியர் பாயின்ட் தனித்தனியாகக் கேளுங்கள். அளவெடுத்த நாளிலிருந்து கதவு மாட்ட மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓணத்துக்கும் தீபாவளிக்கும் கடைகளில் தள்ளுபடி வரும். வேலை முடியுமுன் வாங்கிப் போட்டால் வாரன்டி பில் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும், அட்டைப்பெட்டியோடு கிடக்கும் நாளும் கணக்குத்தான். பெட்டியைத் திறக்காமல் வைத்தால் உள்ளே அடி பட்டிருப்பதும் தெரியாது. தள்ளுபடி பெரிதாக இருந்தால் மட்டும் வாங்கி, டெலிவரியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கடையில் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

9. பொருள் வந்து இறங்கும் நாள்

அன்று ஆசாரியும் வீட்டில் இருக்கட்டும். பிரிட்ஜை இடத்தில் நிறுத்தி, இரண்டு கதவையும் முழுசாகத் திறந்து, எல்லாத் தட்டையும் வெளியே இழுத்துப் பாருங்கள். பக்கத்து அலமாரிக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள், கைப்பிடிகள் மோதக் கூடாது. பிளக்கைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

முன்கதவு மெஷினுக்குப் பின்னால் டிரம்மைப் பிடித்து வைக்கும் போல்ட்கள் இருக்கும். பொருத்த வருபவர் அவற்றைக் கழற்றிவிட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் ஓட விட வேண்டும். ஒரு முழுச் சுற்று ஓடவிட்டு, கடைசியில் வேகமாகச் சுற்றும்போது பக்கப் பலகையில் கை வைத்துப் பாருங்கள். அதிர்ந்தால் மெஷினின் காலைத் திருகி மட்டம் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுவும் சரியான பிறகு ஆசாரிக்கு மீதிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். கழற்றிய போல்ட்களை பில், வாரன்டி அட்டை, அளவு எழுதிய வரைபடம் இவற்றோடு ஒரே கவரில் போட்டு, பிரிட்ஜுக்கு மேலுள்ள கபோர்ட்டில் வையுங்கள். வீடு மாறும்போது அந்தப் போல்ட் இல்லாமல் மெஷினை வண்டியில் ஏற்றக் கூடாது.